கொடி ஏறிய ஊரும் கொடி தெரியாத வீடும்

(வாசகர் வட்டக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பனிப்புயலைப் பற்றிப் பேசுங்கள் என்று நண்பர்கள் கேட்டபோது, சிக்கல் முதலில் சொல்லிலேயே வந்தது. நமக்குப் பனி என்றால் மார்கழி விடியலில் கோலத்தின் மேல் படிவது. ஊட்டி மலைப்பாதையில் எதிரே வரும் பஸ்ஸை மறைப்பதும் பனிதான். முன்பனி, பின்பனி என்று பருவத்துக்கே பெயர் வைத்தவர்கள் நாம். அந்தப் பனியில் அதிகம் போனால் சளி பிடிக்கும். பாட்டி தலையில் துண்டைச் சுற்றிவிடுவாள், அத்தோடு சரி. நான் சொல்லப்போகும் பனியைக் கையில் அள்ளினால் உருண்டை பிடிக்கக்கூட வராது. சலித்த மைதா மாதிரி இருக்கும். அது மணிக்கு அறுபது எழுபது கிலோமீட்டர் வேகத்தில் மூக்குக்குள்ளும் இமைகளுக்குள்ளும் புகும்போது, நீட்டிய கையின் விரல்கள் தெரியாது.

அமெரிக்காவின் வடக்கு தக்கோட்டா மாநிலத்தில், சிவப்பாறு ஓடும் சமவெளியில், இரண்டு குளிர்காலங்களைக் கழித்தவன் நான். ஒரு பண்ணை வீட்டின் மாடியில் குடியிருந்தேன். வீட்டுக்காரர் எழுபதைத் தாண்டிய பெரியவர். கோதுமையும் சர்க்கரை பீட்ரூட்டும் பயிரிட்டு ஓய்ந்தவர். போன முதல் வாரம் ஒரு காட்சி எனக்கு விளங்கவே இல்லை. அந்த ஊரில் எந்தக் காரைப் பார்த்தாலும் அதன் மூக்கிலிருந்து ஒரு மின்கம்பி பிளக்கோடு தொங்கியது. எல்லாமே மின்சாரக் கார்களோ என்று பெரியவரிடம் கேட்டேன். அவர் சிரித்து முடிக்க நேரமாயிற்று. எஞ்சினைச் சூடாக வைக்க ஒரு ஹீட்டர் உள்ளே பொருத்தியிருக்கிறார்கள். ராத்திரி அதை மின்சாரத்தில் செருகாவிட்டால் காலையில் எண்ணெய் பாகாக உறைந்து வண்டி கிளம்பாது. மாட்டைத் தொழுவத்தில் கட்டுவதுபோல் அங்கே காரைக் கட்டிவிட்டுத் தூங்கப்போகிறார்கள்.

அந்த நிலத்தைக் கொஞ்சம் மனத்தில் வரைந்துகொள்ளுங்கள். பிரெய்ரி என்கிறார்கள். ஆங்கிலேயருக்கும் முன்னால் வந்த பிரெஞ்சுக்காரர்கள் புல்வெளிக்கு வைத்த பெயர். சிவப்பாற்றுச் சமவெளி, பனியூழியின் முடிவில் இருந்த அகாசிஸ் என்ற பேரேரியின் தரை. ஏரி வடிந்துபோயிற்று, தரை மட்டும் அப்படியே கிடக்கிறது. பத்து மைலுக்கு அப்பால் இருக்கும் தானியக் கிடங்கு தெரியும். மேற்கே ராக்கி மலை. வடக்கே கனடா வழியாகத் துருவம் வரைக்கும் குறுக்கே ஒரு தடுப்பும் இல்லை. ‘இங்கேயிருந்து வட துருவத்துக்கு நடுவில் ஒரு முள்வேலிதான் இருக்கிறது, அதுவும் சாய்ந்து கிடக்கிறது’ என்பது அந்தப் பக்கத்தில் எல்லோரும் சொல்லும் பழைய வேடிக்கை.

துருவத்துக் கனமான குளிர்காற்று அந்தச் சரிவில்லாத தரைமீது தண்ணீர்போலப் பரவி வருகிறது. ராக்கி மலையின் கிழக்குச் சரிவில் ஒரு தாழ்வழுத்தம் உருவாகிக் கிழக்கே நகர்ந்தால், அதன் முன்பக்கம் தெற்கிலிருந்து வெதுவெதுப்பான காற்றை இழுக்கும். பின்பக்கம் வடக்கிலிருந்து குளிரை இறக்கும். ஆகவே புயல் வருவதற்குச் சற்று முன்னால் பிரெய்ரியில் ஓர் இனிமையான பொழுது அமைவது உண்டு. கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் வடியும். மேலங்கியைக் கழற்றத் தோன்றும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய பேச்சு முழுக்க இந்த இனிமையான பொழுதைப் பற்றியதுதான்.

அமெரிக்க வானிலைத் துறை பனிப்புயலுக்கு ஓர் இலக்கணம் வைத்திருக்கிறது: காற்று மணிக்கு 35 மைல், பார்வை கால் மைலுக்குக் கீழே, இரண்டும் மூன்று மணி நேரம் நீடிக்க வேண்டும். அதில் குளிரின் அளவும் இல்லை, புதிதாகப் பனி விழவேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. மேலே வானம் நீலமாக இருக்கும்போதே தரையில் கிடக்கும் பழைய பனியைக் காற்று கிளப்பி ஆளை மூடிவிட முடியும். வீட்டுக்கும் மாட்டுக்கொட்டிலுக்கும் நடுவே, ஐம்பதடி தூரத்தில், வழி தவறிச் செத்தவர்கள் உண்டு. அதனால்தான் அந்தக் காலத்தில் வாசற்கதவிலிருந்து கொட்டில் வரை கயிறு கட்டிவைத்தார்கள்.

1888 ஜனவரி 12, வியாழக்கிழமை. அன்று வடக்கு தக்கோட்டா என்ற மாநிலமே கிடையாது; தக்கோட்டா மொத்தமும் ஒரே ஆட்சிப்புலம். 1862-இல் வந்த குடியேற்றச் சட்டம், ஐந்து ஆண்டு குடியிருந்து உழுதால் 160 ஏக்கர் உனக்கு என்றது. லக்கோட்டா போன்ற பழங்குடியினரை அந்த மண்ணிலிருந்து ஒதுக்கிவிட்டுத்தான் இந்தத் தாராளம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நார்வேயிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் ருஷ்யாவிலிருந்தும் ஏழைகள் வந்து இறங்கினார்கள். மரம் இல்லாத நாடு. புல்வேரோடு மண்ணைக் கட்டி கட்டியாக வெட்டிச் சுவர் எழுப்பினார்கள். விறகு இல்லை, வைக்கோலைப் புரிபுரியாக முறுக்கி அடுப்பில் திணித்தார்கள், சோளத்தக்கையையும் உலர்ந்த சாணத்தையும் எரித்தார்கள். ஆளுக்கு 160 ஏக்கர் என்றால் அடுத்த வீடு கூப்பிடு தூரத்தில் இருக்காது. பள்ளிக்கூடம் என்பது புல்வெளி நடுவே ஒற்றை அறை. ஆசிரியை பெரும்பாலும் இருபது வயதைத் தொட்ட, தொடாத பெண்.

அதற்கு முந்தைய நாட்களில் கடுங்குளிர். பிள்ளைகள் வீட்டிலேயே அடைந்து கிடந்தார்கள். பன்னிரண்டாம் தேதி விடிந்தபோது காற்று மென்மையாக இருந்தது. அப்பாடா என்று எல்லோரும் வெளியே வந்தார்கள். ஆண்கள் மாடுகளை நீருக்கு ஓட்டிப்போனார்கள். தொலைவில் கிடந்த வைக்கோல் போரிலிருந்து தீவனம் கொண்டுவரக் கிளம்பினார்கள். பிள்ளைகளில் பலர் கனத்த மேலங்கியை வீட்டில் விட்டுவிட்டுப் பள்ளிக்குப் போனார்கள்.

புயல் வந்த விதத்தைப் பிழைத்தவர்கள் பலர் ஏறக்குறைய ஒன்றுபோலவே சொல்லியிருக்கிறார்கள். வடமேற்கில் அடிவானத்தை ஒட்டி ஒரு கருஞ்சாம்பல் சுவர் தெரிந்தது, உருண்டு வந்தது, ரயில் வருவது போன்ற இரைச்சல், அடுத்த நொடியில் பகல் இருண்டது. முதல் நாள் மொன்டானாவின் ஹெலினாவில் நாலரை மணி நேரத்துக்குள் வெப்பம் ஃபாரன்ஹீட் 40-க்குச் சற்று மேலிருந்து சுழியத்துக்குக் கீழே 9-க்கு இறங்கியிருந்தது. நம் கணக்கில் செல்சியஸ் 4-லிருந்து மைனஸ் 23. அந்தக் குளிர்முனைதான் இப்போது தென்கிழக்கே பாய்ந்துகொண்டிருந்தது. தக்கோட்டாவின் கிழக்குப் பகுதியை அது தொட்டபோது நண்பகலை ஒட்டிய நேரம். நெப்ராஸ்காவின் கிழக்கே போய்ச் சேர்ந்தபோது பிற்பகல் மூன்று, பள்ளி விடும் நேரம். அதே புயல் நடுராத்திரியில் வந்திருந்தால் எல்லோரும் அடுப்போரம் இருந்திருப்பார்கள்; சாவு இத்தனை இருந்திருக்காது.

சரி, யாருக்கும் தெரியாமலா வந்தது? தெரிந்திருந்தது.

1870 முதல் அமெரிக்காவில் வானிலை பார்ப்பது ராணுவத்தின் சமிக்ஞைப் படையின் வேலையாக இருந்தது. தந்திச் செய்தி அனுப்புவது அவர்கள் தொழிலாக இருந்ததும் ஒரு காரணம். நாடெங்கும் நிலையங்களில் சிப்பாய்கள் குறித்த நேரத்தில் அழுத்தமானியையும் வெப்பமானியையும் பார்த்து எண்களைத் தந்தியில் அனுப்புவார்கள். மின்னசோட்டாவின் செயின்ட் பால் நகரில் இதற்காக ஓர் அலுவலகம். அங்கே முன்னறிவிப்பு எழுதும் பொறுப்பில் தாமஸ் வுட்ரஃப் என்ற லெப்டினன்ட். பன்னிரண்டாம் தேதிக்காக அவர் எழுதிய குறிப்பில், தக்கோட்டாவுக்கும் நெப்ராஸ்காவுக்கும் குளிர் அலை வருகிறது, பனி காற்றில் அடித்துக் குவியும் என்பது இருந்தது. நான் அந்த மனிதரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றமாட்டேன். தாளில் எழுதியதில் பெரிய பிழை இல்லை.

ஆனால் அந்தத் தாள் எங்கே போயிற்று என்று பாருங்கள். தந்தி ரயில்பாதையோடு ஓடும். ரயில் நிற்கும் ஊரில் குளிர் அலைக்கென்று ஒரு கொடி ஏற்றுவார்கள்: வெள்ளைத் துணி, நடுவில் கறுப்புச் சதுரம். வுட்ரஃபின் எச்சரிக்கைக்குக் கொடி ஏறுவதற்குள் பல இடங்களில் புயலே வந்துவிட்டது. ஏறியிருந்தாலும்தான் என்ன? எட்டு மைல் தள்ளி மண்வீட்டில் இருக்கும் நார்வேக்காரனுக்கு ஸ்டேஷன் கொடிமரம் தெரியுமா? அந்தக் கொடி யாருக்காகப் பறந்தது என்று யோசித்தால் ரயில் கம்பெனிக்காரர்கள், மாட்டை வண்டியில் ஏற்றி அனுப்பும் வியாபாரிகள் என்றுதான் பதில் வருகிறது. தந்தியும் கொடியும் அவர்கள் இருந்த இடத்தோடு நின்றன. மேலங்கியை வீட்டில் விட்டுவிட்டு நடந்த எட்டு வயதுப் பிள்ளைக்கு அன்றைய வானிலை அறிக்கை, முகத்தில் பட்ட அந்த இதமான காற்று மட்டும்தான்.

ஆசிரியைகளின் கதைக்கு வருகிறேன். நெப்ராஸ்காவின் ப்ளெயின்வ்யூ அருகே ராய்ஸ் என்ற ஆசிரியை. பிற்பகலில் பள்ளியில் மிச்சமிருந்தவர்கள் ஒன்பது வயதுப் பையன்கள் இருவர், ஆறு வயதுப் பெண் குழந்தை ஒன்று. அடுப்புக்கு எரிபொருள் தீர்ந்துவிட்டது. அவர் தங்கியிருந்த வீடு இருநூறு கஜத்துக்குள்தான். நம் தெருமுனைப் பெட்டிக்கடைத் தூரம். மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். வீடு அகப்படவில்லை. இரவெல்லாம் வெட்டவெளியில் பிள்ளைகளை அணைத்தபடி கிடந்தார். ஒருவர்பின் ஒருவராக மூன்று பேரும் அவர் கைக்குள்ளேயே அடங்கினார்கள். விடிந்தபின் தவழ்ந்துபோய் வீட்டைச் சேர்ந்தார். உறைந்த பாதங்களை இழந்தார்.

அதே மாநிலத்தில் மைரா பள்ளத்தாக்கில் மின்னி ஃப்ரீமன் என்ற இளம் ஆசிரியை. காற்று பள்ளியின் கூரையைப் பிய்த்தது. அவரும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே இறங்கினார். பக்கத்துப் பண்ணை வீட்டுக்கு எல்லோரையும் உயிரோடு சேர்த்தார். பிள்ளைகளைக் கயிற்றால் பிணைத்து நடத்திச் சென்றார் என்று கதை. அந்தக் கயிறு உண்மையில் இருந்ததா என்று இன்றும் வாதம் நடக்கிறது. பத்திரிகைகள் அவரைக் கொண்டாடின. ஒமாஹா நகரின் ஒரு நாளிதழ் வீராங்கனை நிதி என்று பணம் திரட்டியது. பாட்டுக் கட்டி அச்சிட்டு விற்றார்கள். நெப்ராஸ்காவின் சட்டமன்றக் கட்டடச் சுவரில் அந்தப் புயல்நாள் மொசைக் ஓவியமாக இருக்கிறது.

ஃப்ரீமனுக்குத் துணிவு இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் ராய்ஸும் அதையேதானே செய்தார்? எரிபொருள் தீர்ந்தது, பக்கத்து வீட்டுக்குப் பிள்ளைகளோடு கிளம்பினார். ஒருவருக்கு வழி கிடைத்தது, ஒருவருக்குக் கிடைக்கவில்லை. இதில் புத்தி எங்கே இருக்கிறது, பிழை எங்கே இருக்கிறது? கிளம்பாமல் பெஞ்சை உடைத்து எரித்துக்கொண்டு பள்ளியிலேயே இரவைக் கழித்த ஆசிரியர்களும் அன்று இருந்தார்கள். யாரும் அவர்களைப் பாடவில்லை. சும்மா உட்கார்ந்திருப்பதைப் பற்றிப் பாட்டு எழுத வராதுபோல.

நெப்ராஸ்காவின் ஹோல்ட் கவுன்டியில் எட்டா ஷாட்டக் என்ற பத்தொன்பது வயதுப் பெண், அவரும் ஆசிரியைதான். வழி தெரியாமல் ஒரு வைக்கோல் போருக்குள் புகுந்துகொண்டார். வியாழன் முதல் ஞாயிறு வரை, 78 மணி நேரம். வைக்கோல் எடுக்க வந்த குடியானவர் கண்டுபிடித்தார். கால்களை வெட்டி எடுத்தும் பிப்ரவரியில் இறந்துபோனார். ருஷ்யாவிலிருந்து தக்கோட்டாவுக்கு வந்த மென்னோனைட் என்ற கிறித்தவச் சமூகத்தில், பள்ளியிலிருந்து சேர்ந்து கிளம்பிய ஐந்து சிறுவர்கள் பிணமாகத்தான் கிடைத்தார்கள். அவர்களில் மூன்று பேர் ஒரே வீட்டு அண்ணன் தம்பிகள். இரவு முழுக்கத் தாங்கிவிட்டு, காலை வெயிலில் எழுந்து நாலடி வைத்ததும் சுருண்டு விழுந்து இறந்தவர்களும் உண்டு. கை கால்களில் குளிர்ந்து தேங்கிய ரத்தம் நடக்கத் தொடங்கியதும் நெஞ்சுக்குத் திரும்பும். களைத்த இதயம் அதைத் தாங்காது. மொத்தச் சாவு 235 என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. பனி உருகிய பிறகும் உடல்கள் கிடைத்துக்கொண்டிருந்த நாட்டில் எந்தக் கணக்கும் குத்துமதிப்புதான்.

பல ஆண்டு விவாதத்துக்குப் பின் வானிலைப் பணியை ராணுவத்திடமிருந்து எடுத்து வேளாண்துறையிடம் கொடுத்தார்கள். இந்தப் புயல்தான் காரணம் என்று சிலர் எழுதுவது மிகை. சமிக்ஞைப் படையில் வேறு குளறுபடிகளும் இருந்தன.

முப்பத்திரண்டு ஆண்டு கழித்து, 1920 மார்ச்சில், வடக்கு தக்கோட்டாவின் சென்டர் என்ற சிற்றூர் அருகே நடந்தது இன்னொன்று. புயல் வருவதைக் கண்ட ஒரு தந்தை தானே குதிரையேறிப் பள்ளிக்கு வந்துவிட்டார். தன் மூன்று பிள்ளைகளையும் பனிச்சறுக்கு வண்டியில் ஏற்றினார். மூத்தவள் ஹேசல் மைனர், பதினாறு நிறையாத பெண். தம்பிக்குப் பத்து வயது, தங்கைக்கு எட்டு. என் குதிரையைக் கொண்டுவருகிறேன், இங்கேயே இருங்கள் என்று திரும்பிய அந்தச் சில நிமிடத்தில் வண்டிக் குதிரை தானாக நடக்கத் தொடங்கிவிட்டது. தந்தை தேடியது வெண்சுவருக்குள். வண்டி ஓரிடத்தில் கவிழ்ந்தது. ஹேசல் போர்வைகளை விரித்துச் சின்னவர்களைப் படுக்கவைத்து, தன் கோட்டைத் திறந்து அவர்கள்மேல் கவிழ்ந்துகொண்டாள். தூங்காதீர்கள், கையைக் காலை ஆட்டுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள், பாடவைத்தாள். மறுநாள் தேடிவந்தவர்கள் கண்டபோது சின்னவர்கள் இருவருக்கும் உயிர் இருந்தது. அவளுக்கு இல்லை. சென்டர் ஊரில் அவளுக்கு நினைவுக்கல் நிற்கிறது.

1888-இல் செய்தி பிள்ளைகளைத் தேடிப் போகவில்லை. இங்கே தகப்பனே வாசலுக்கு வந்தார்; அதற்குள் ஒரு குதிரை அவசரப்பட்டுவிட்டது.

அந்தப் பகுதி மக்கள் இப்படிப்பட்ட புயல்களுக்காகச் செய்துகொண்ட ஏற்பாடு ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். பண்ணைகளிலிருந்து பஸ்ஸில் வரும் ஒவ்வொரு மாணவருக்கும் பள்ளி இருக்கும் ஊருக்குள்ளேயே ஒரு வீட்டைக் குறித்து வைப்பார்கள். புயல் வீடு என்று பெயர். பகலில் திடீரென்று புயல் கிளம்பினால் பஸ் ஓடாது. பிள்ளை அந்த வீட்டுக்கு நடந்துபோய்ச் சாப்பிட்டுப் படுத்துக்கொள்ளும். என் வீட்டுக்காரப் பெரியவருக்கும் சிறுவயதில் ஒரு புயல் வீடு இருந்ததாம். ஒரேயொரு இரவுதான் அங்கே தங்கினார். அந்த வீட்டு அம்மாள் போட்ட கோகோவில் ஆடை மிதந்ததால் குடிக்க மாட்டேன் என்று அழுததாகச் சொன்னார்.

இன்றைக்குச் செய்தி சேர்கிறது. நான்கைந்து நாள் முன்னதாகவே கம்ப்யூட்டர் மாதிரிகள் சொல்லிவிடுகின்றன, போன் அலறுகிறது, நெடுஞ்சாலையின் நுழைவாயில்களில் ரயில்வே கேட் மாதிரித் தடுப்பு இறங்குகிறது. அப்படியும் 2013 அக்டோபர் தொடக்கத்தில், ‘அட்லஸ்’ என்று பெயரிட்ட புயல், தெற்கு தக்கோட்டாவின் மேற்கே பல்லாயிரம் மாடுகளைக் கொன்றது. எச்சரிக்கை முன்கூட்டியே வந்திருந்தது. ஆனால் அக்டோபரில் மாடுகளுக்குக் குளிர்கால ரோமம் முளைத்திருக்கவில்லை. அவை ஒதுங்கிடமில்லாத கோடை மேய்ச்சல் நிலத்தில் நின்றன. முதலில் மழை பெய்து தோலை நனைத்தது, பிறகு பனி, பிறகு காற்று. அந்த வாரம் பார்த்து வாஷிங்டனில் பட்ஜெட் சண்டையில் மத்திய அரசு அலுவலகங்களைப் பூட்டியிருந்தார்கள். செத்த மாட்டுக்குக் கணக்குக் கொடுக்கப் போனால் வேளாண் அலுவலகத்தில் ஆள் இல்லை. வுட்ரஃபின் கொடி நினைவுக்கு வருகிறதா?

நான் பார்த்த ஒரு புயலின் முன்மாலையைச் சொல்லி நிறுத்துகிறேன். ஜனவரி. அன்று பகலெல்லாம் கூரை சொட்டியது. கடையில் ரொட்டியும் பாலும் காலி. பெரியவர் என் காரின் பின்பெட்டியைத் திறக்கச் சொல்லிச் சோதித்தார்: போர்வை, மண்வெட்டி, சக்கரம் வழுக்கினால் தூவ ஒரு மூட்டை மணல், காபி டப்பாவுக்குள் மெழுகுவர்த்தியும் தீப்பெட்டியும். வண்டி நடுவழியில் நின்றால் அந்த ஒற்றை மெழுகுவர்த்தி காருக்குள் இருக்கும் குளிரைக் கொஞ்சம் முறிக்கும். எங்கும் கிளம்புவதாக இல்லையே என்றேன். காதில் வாங்கவில்லை. டப்பாவைக் குலுக்கிப் பார்த்துவிட்டு மூடினார்.

ஏழு மணிக்குக் காற்று திரும்பியது. அவர் எழுந்துபோய்ச் சமையலறைக் கதவோரம் இருந்த சுவிட்சைத் தட்டினார். முற்றத்துக் கம்பத்தில் பெரிய விளக்கு எரிந்தது. யாராவது வருகிறார்களா என்று கேட்டேன். இல்லை, எல்லோரும் வீட்டில்தான் இருக்கிறார்கள், மகனிடம் இப்போதுதான் போனில் பேசினேன் என்றார். பிறகு எதற்கு விளக்கு? அவர் கொஞ்சம் யோசித்தார். ‘அம்மா ஜன்னலில் லாந்தர் வைப்பாள்,’ என்றார். உருளைக்கிழங்கு சூப் ஆறுகிறது, உட்கார் என்றார். பாதிச் சூப்பில் நான் ஜன்னலைப் பார்த்தபோது கம்பம் மறைந்திருந்தது. வெளிச்சம் மட்டும் ஒரு மங்கல் மஞ்சளாக இருந்தது, கொஞ்ச நேரத்தில் அதுவும் தெரியவில்லை. அவர் சுவிட்சை அணைக்கவில்லை.